சாயத்தில் அழியாத பேனா

திருப்பூரில் ஒரு வீட்டில் "பையன் ஐ.டி.யில இருக்கறானுங்க" என்று சொன்னால், பையன் பெங்களூரிலோ கோவை சரவணம்பட்டியிலோ இருக்கிறான் என்று பொருள். பனியன் கம்பெனிக்குள் இருந்துகொண்டு ஒருவன் அதையே சொன்னால், பிரிண்டர் மக்கர் செய்யும்போது கூப்பிட வேண்டிய ஆள் என்று பொருள். நான் இரண்டாவது வகை. 1990களின் நடுவில் அவினாசி ரோட்டுப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பிறகு பல கம்பெனிகளுக்கு ஆர்டர் கணக்கு, துணிக் கணக்கு, பீஸ் ரேட் கணக்கு என்று சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைப்பு ஓடியது. பிரிண்டருக்கு மை மாற்றியதும் உண்டு. அதில் கவுரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்த ஊரில் தகவல் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது காட்டு என்று யாராவது கேட்டால், ஏ.சி. போட்ட சர்வர் ரூமுக்குக் கூட்டிப் போக மாட்டேன். நிட்டிங் கம்பெனியில் ரோல் இறக்குகிற பையனின் சட்டைப்பையைக் காட்டுவேன். அதில் ஒரு பேனா இருக்கும்.

வட்டப் பின்னல் மெஷினிலிருந்து கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, ரோலாக இறங்கியதும், அதன் முனையில் மெஷின் நம்பர், ரோல் நம்பர், டயா என்கிற விட்டம், எடை இவற்றை அந்தப் பேனாவால் எழுத வேண்டும். சாதாரணப் பேனா இதற்கு ஆகாது. துணி இங்கிருந்து நேராகச் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கே பெராக்சைடு சலவையில் கொதிநிலைக்குப் பக்கத்தில் வேகும், பிறகு ரியாக்டிவ் சாயத்தில் 60 டிகிரியில் உப்போடும் சோடாவோடும் மணிக்கணக்காகச் சுற்றும், சோப்பில் அலசப்படும், பிழியப்படும், காம்பாக்டிங்கில் நீராவி பட்டு அழுந்தும். இத்தனையும் தாண்டி அந்த எழுத்து நிற்க வேண்டும். நின்றால்தான், கட்டிங் டேபிளில் துணியை விரிக்கும்போது நீள வாக்கில் ஒரு நீடில் லைன் தெரிந்தால், எந்த மெஷினில் எந்த ஊசி போயிற்று என்று போய்ப் பார்க்கலாம். எழுத்து அழிந்திருந்தால் நிட்டிங்காரர் டையிங்கைச் சொல்வார், டையிங்காரர் நூலைச் சொல்வார், நூல் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

ஏன் ஒரு பேனாவுக்கு இத்தனை பெரிய இடம்? இந்த ஊரின் அமைப்பு அப்படி. பெரிய சில நிறுவனங்களை விட்டுவிட்டால், ஒரு டீ-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னொரு இடம். கட்டிங் கம்பெனியிலேயே நடக்கும். பிரிண்டிங்குக்கு வெட்டிய பாகங்கள் மட்டும் வண்டி ஏறிப் போய்த் திரும்பும். எம்பிராய்டரிக்கு மறுபடியும் போகும். தைப்பது உள்ளேயும் நடக்கும், ஆர்டர் நெருக்கினால் வெளியே ஜாப் ஒர்க்குக்கும் போகும். துணி கிலோவில் வெளியே போய்க் கிலோவில் திரும்பும். வெட்டிய பிறகு பீஸில் போய்ப் பீஸில் திரும்பும். 100 கிலோ கிரே துணி சாயத்துக்குப் போனால் 100 கிலோ திரும்பாது. நாலைந்து கிலோ குறையும், வேலையைப் பொறுத்துக் கூடுதலாகவும் குறையும். எவ்வளவு குறைந்தால் நியாயம், எதற்கு மேல் போனால் கேட்க வேண்டும் என்பது ஒரு தனிக் கணக்கு. எந்த நேரத்திலும் முதலாளியின் சரக்கில் பெரும்பகுதி மற்றவர் இடத்தில்தான் கிடக்கும். தன் கையில் அவர் வைத்திருப்பது, அது எங்கே, எவ்வளவு, எந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்லும் காகிதங்களை. அந்தக் காகிதம் பொய்த்தால் சரக்கும் இல்லை.

டி.சி. புத்தகம்தான் அந்தக் காகிதங்களுக்குத் தலைமை. டெலிவரி சலான் என்று முழுப்பெயர் சொல்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கார்பன் வைத்து எழுதிய டி.சி.யை மடித்து வண்டிக்காரர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போவார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஜாப் ஒர்க்குக்கு என்ன ஆகுமோ என்று ஊரே பதறியது. விதியைப் படித்தால், அதுவும் டி.சி.யை மூன்று பிரதி போடச் சொல்கிறது: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. கணக்குப்பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வருடம் இ-வே பில் வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அதற்கு முன்பே, 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மாதங்களில் துணி ஈரோட்டுப் பக்கமும் வெளிமாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போனது. அதுவரை மங்கலம் ரோட்டில் இருக்கும் பட்டறைக்குப் பைக்கில் போய் "நம்ம லாட் எதுங்க?" என்று கேட்டுக்கொள்ளலாம். நானூறு, ஐநூறு கிலோமீட்டர் தள்ளிப் போன லாட்டை அப்படிக் கேட்க முடியாது. வாய்ச்சொல்லில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு அப்போதுதான் எழுத்தின் அருமை தெரிந்தது. என் சாஃப்ட்வேர் வியாபாரமும் அந்த வருடம் நன்றாக நடந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இந்தத் தொழிலில் சொல்லி அனுப்ப மிகக் கடினமானது நிறம். இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் 1978ல் வெள்ளை டீ-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்து நேரடி ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது ஊர் வழக்கம். வெள்ளையாக இருந்ததால் பிழைத்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். அடுத்து வந்தவர்கள் நீலம் கேட்டார்கள். டெலக்ஸில் "ஸ்கை ப்ளூ" என்று அடித்தால் எந்த வானம், எந்த மாதத்து வானம்? அதனால் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் கூரியரில் அனுப்புவார்கள். இங்கே பட்டறையில் அதைப் பார்த்து ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது மாதிரிச் சாயத் துண்டு, போட்டுத் திருப்பி அனுப்புவோம். அங்கிருந்து "பி, ஆனால் கொஞ்சம் சிவப்பு குறையட்டும்" என்று ஃபேக்ஸ் வரும். அந்த ஃபேக்ஸும் தெர்மல் காகிதம். சில மாதத்தில் எழுத்து வெளுத்து, பையர் சொன்னதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். அதனால் வந்த உடனே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைப்பது என் முதல் வேலைகளில் ஒன்று.

பிறகு எல்லோர் மேஜையிலும் பான்டோன் நிறப் புத்தகம் வந்தது. 19-4052 என்று ஓர் எண் வந்தால், முதல் ஜோடி இலக்கம் அந்த நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று சொல்கிறது. 11 வெளிர்க்கோடி, 19 அடர்கோடி. இரண்டாவது ஜோடி எந்த நிறக் குடும்பம் என்று சொல்கிறது. மூன்றாவது, நிறம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று. ஆறு இலக்கத்தில் ஒரு நீலம் கடல் தாண்டி வந்துவிடும். நான் பார்த்த தகவல் தொழில்நுட்பங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இது. கரண்ட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம்.

ஆனால் எண் வந்துவிட்டதால் சண்டை தீரவில்லை. முற்றத்தில் வெயிலில் பார்த்து ஓகே சொன்ன துணி, கடையின் ட்யூப் லைட்டில் வேறு நிறமாகத் தெரியும். இரண்டு துணி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். அதற்காகத்தான் லைட் பாக்ஸ்: பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84. பிறகு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வந்தது. அது துணியைப் பார்த்து, நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று டெல்டா இ என்ற ஓர் எண்ணில் சொல்லும். பெரும்பாலான பையர்களுக்கு ஒன்றுக்குள் இருந்தால் பாஸ். ஒரு டையிங் மாஸ்டர், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே தலை நரைத்தவர், அந்த மீட்டரை மரியாதையாகத்தான் நடத்தினார். "மீட்டர் ஓகே சொல்லுதுங் தம்பி. ஆனா பில்லுக்குப் பணம் மீட்டர் தர்றதில்லீங்களே. பையர் கண்ணு ஓகே சொல்லோணும்" என்பார். இன்றும் மீட்டர் ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுத் துணியும் கவரில் போகிறது.

இப்படி எண்ணும் எழுத்தும் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒத்துப்போக வைக்கின்றன. நூலில் "30ஸ்" என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. லங்காஷயர் மில் காலத்துக் கணக்கு. பவுண்டும் கஜமும் ஊரைவிட்டுப் போன பிறகும் எங்கள் நூலில் உயிரோடு இருக்கின்றன. ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம் என்று, பார்க்க வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் வைத்து, நூறால் பெருக்கினால் போதும். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் இதை என்னைவிட வேகமாகச் செய்வார்கள்.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் அது கண்ணாடி அறைக்குள் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தடிமனான யு.பி.எஸ். முதலில் அதைக் கொண்டு நாங்கள் செய்தது இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும். அதற்குக் காரணம் எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட் என்ற வங்கி உத்தரவாதம். வங்கி காகிதத்தைப் பார்த்துத்தான் பணம் தரும், சரக்கைப் பார்த்து அல்ல, சர்வதேச எல்.சி. விதிகளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. சட்டை அருமையாக இருந்தாலும் எல்.சி.யில் ஒரு மாதிரியும் இன்வாய்ஸில் வேறு மாதிரியும் வர்ணனை இருந்தால் 'டிஸ்கிரிபன்சி' போட்டுத் திருப்பிவிடுவார்கள். டைப்ரைட்டரில் ஒரு வரி பிசகினால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் எங்களை அதிலிருந்து காப்பாற்றியது. அது பெரிய நன்மை, ஆனால் டைப்ரைட்டரின் நன்மைதான்.

பிறகு முதலாளிக்கு ஆசை வந்தது: தினமும் எவ்வளவு வெட்டினோம், தைத்தோம், பேக் செய்தோம் என்று ரிப்போர்ட் வேண்டும். கட்டிங் மாஸ்டர் நோட்டில் எழுதுவார், லைன் சூப்பர்வைசர் நோட்டில் எழுதுவார், செக்கிங் அக்கா அட்டையில் எழுதுவார். சாயங்காலம் எல்லாம் என் மேஜைக்கு வரும். நான் அடித்து வைப்பேன். காலையில் முதலாளி மேஜையில் கோடு போட்ட காகிதத்தில் ரிப்போர்ட் இருக்கும். அவர் ஒரு வாரம் ஆசையாகப் பார்த்தார். பிறகு ஒரு நாள், "அழகா இருக்குதுங் தம்பி. ஆனா இது நேத்துப் பேப்பர்" என்றார். அவர் காலை எட்டரைக்கே லைனைச் சுற்றி வந்திருப்பார். எங்கே பண்டில் தேங்கி நிற்கிறது, எந்த பேட்லாக் மெஷின் ஓடவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இந்தக் காகிதத்தைத் தொடுவார். நடந்த இடத்தில், நடந்த நேரத்தில் பதியாத எதையும் எத்தனை விலை கொடுத்த மெஷினில் போட்டாலும் அது நேற்றைய பேப்பர்தான். எந்தக் கம்பெனியில் வேலைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதையே: பண்டில் கை மாறுகிற அந்த இடத்தில் யார் எழுதுகிறார்கள்? கம்ப்யூட்டர் எத்தனை இருக்கிறது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இந்தத் துறைக்கு 'தகவல் தொழில்நுட்பம்' என்று பெயர் வைத்தவர்கள் ஹெரால்ட் லெவிட், தாமஸ் விஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள். 1958ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். நிறையத் தகவலை வேகமாகக் கையாளும் முறைகள், முடிவெடுக்கக் கணிதத்தையும் புள்ளியியலையும் பயன்படுத்துவது, உயர்ந்த சிந்தனையை நிரல் மூலம் செய்துபார்ப்பது என்று மூன்றையும் சேர்த்தார்கள். மூன்றுமே செய்முறைகள், எதுவும் பெட்டி இல்லை. ஆனால் கட்டுரையின் சாரம் வேறு: 1980களில் நடுத்தட்டு மேலாளர்கள் மெலிந்துபோவார்கள், முடிவுகள் மேலே குவியும் என்று ஆரூடம் சொன்னார்கள். திருப்பூருக்கு வந்திருந்தால் பாவம், குழம்பியிருப்பார்கள். இங்கே கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் நடுவில் ஆட்கள் பெருகினார்கள். மெர்ச்சண்டைசர் என்ற வேலையே அதற்குச் சாட்சி. பையரின் டெக் பேக் என்ற விவரக் கோப்பைப் படித்து, நூல் கணக்குப் போட்டு, டையிங்கைத் துரத்தி, பிரிண்டிங்கில் ஸ்ட்ரைக் ஆஃப் என்ற மாதிரி அச்சு வாங்கி, கட்டிங் மாஸ்டரிடம் ரேஷியோ சொல்லி, ராத்திரி பத்து மணிக்கு ஜெர்மனிக்குப் பதில் அடிக்கிற பெண்ணோ பையனோதான் மெர்ச்சண்டைசர். ஒரு கம்பெனி ஈ.ஆர்.பி.க்கு எத்தனை லட்சம் கொட்டினாலும், அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் ஆர்டர் தடுமாறுகிறது. ஆர்டரின் பாதித் தகவல் இன்னமும் அவர் தலைக்குள்தான் ஓடுகிறது.

லாட் நம்பரை மட்டும் யாரும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரே நிறம், ஒரே பட்டறை என்றாலும் ஒரு தடவை போட்ட சாயமும் அடுத்த தடவை போட்ட சாயமும் ஒரு இழை வேறுபடும். தனித்தனி சட்டையாகப் பார்த்தால் தெரியாது. ஒரே சட்டையில் பாடி ஒரு லாட்டிலும் கை ஒரு லாட்டிலும் போய்விட்டால் பளிச்சென்று தெரியும். அதனால் வெட்டியதும் பண்டில் கட்டி, லாட், சைஸ், லே நம்பர், பீஸ் நம்பர் எழுதி டிக்கெட் குத்துவார்கள். டிக்கெட்டில் இருப்பதை இப்போது யார் படிக்கிறார்கள்? ஒரே லைனில் தமிழ்ப் பெண்ணும் பீகார்ப் பையனும் ஒடிசாப் பெண்ணும் தைக்கிறார்கள். ஒரு கம்பெனியில் சைஸுக்கு ஒரு நிறம் என்று டிக்கெட்டை மாற்றினோம்: ஸ்மால் மஞ்சள், மீடியம் பச்சை, லார்ஜ் ஊதா. ஒரு வாரத்தில் சைஸ் கலப்பு கணிசமாகக் குறைந்தது. செலவு, கலர் காகிதம். அதற்கு முன்னால் அதே காரியத்துக்காக டச் ஸ்கிரீன் விலை கேட்டு வந்திருந்தார்கள்.

பதிவு கச்சிதமாக இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், 2020 அக்டோபரில் வெளிவந்த கோட்ஸ் விவகாரம் பதில் சொல்லும். இயற்கைப் பருத்தித் துணிகளுக்குத் தர விதிகள் வகுக்கும் அந்த அமைப்பு, இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் ஓடியிருப்பதாக அறிவித்தது. சான்றிதழில் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் வலைத்தளமும் திறந்தது. அந்தத் தளமே, அரசின் பதிவுத் தளத்தைப் போலவே செய்த நகல். தொழில்நுட்பத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே இருந்த தகவல்தான் பொய். 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த புதிய பொருள் விதிகள், ஆடைகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப்போகின்றன. ஒவ்வொரு சட்டையும் தான் எந்த நார், எங்கே சாயம் என்று தானே சொல்ல வேண்டும். இதற்காக இப்போது ஊரில் கருத்தரங்கு நடக்காத மாதம் இல்லை. மேடையில் பிளாக்செயின் பற்றிப் பேசுகிறார்கள். ரோல் இறக்குகிற பையன் ஷிப்ட் முடிகிற அவசரத்தில் எடை பார்க்காமல் முந்தைய ரோலின் எடையையே எழுதினால், பிளாக்செயின் அதைத்தான் காலாகாலத்துக்கும் அழியாமல் காப்பாற்றும்.

தகவல் யாருக்காக என்ற கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர்கள் டெய்லர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் தைப்பவர்கள், அதிலும் ஓவர்லாக் டெய்லர்கள், ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள்: தேதி, ஸ்டைல், எத்தனை டஜன். கம்பெனிக் கணக்கோடு அது ஒத்துப்போகாத சனிக்கிழமைகளில் ஆபீஸ் வாசலில் குரல் உயரும். பண்டிலுக்குக் கியூஆர் கோடு ஒட்டி, மெஷினுக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் செய்கிற ஏற்பாட்டை ஒரு கம்பெனிக்குச் செய்து கொடுத்தேன். இனி நோட்டே வேண்டாம் என்று முதலாளி சொன்னார். நோட்டு போகவில்லை. ஒரு ஓவர்லாக் அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "உங்க கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொல்லுதுங் தம்பி. எனக்கு எங்க சொல்லுது?" என்றார்.

நியாயம்தான். ஸ்கேன் செய்த கணக்கெல்லாம் ஆபீஸ் திரைக்குப் போனது. அந்தத் திரையின் முகம் முதலாளி நாற்காலியைப் பார்த்து இருந்தது. ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு டெய்லருக்கும் அன்றைய பண்டில்களைப் பட்டியல் போட்டு ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கலாம் என்றேன். சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை, தினமும் கேள்வி கேட்பார்களே என்றார். முதலாளிக்கு வேறு பயம்: சீட்டு வெளியே போனால் பக்கத்துக் கம்பெனிக்கு ரேட் தெரிந்துவிடும். ரேட் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் அடிக்கலாம் என்று முடிவாயிற்று. பஸ் கண்டக்டர் வைத்திருக்கிற மாதிரியான சின்ன பிரிண்டர் ஒன்று வாங்கி வாசலில் வைத்தோம்.

முதல் வாரமே அந்த அக்கா சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். புதன்கிழமைக் கணக்கில் ஒரு பண்டில் குறைகிறது என்றார். சூப்பர்வைசர் இல்லை என்று சாதித்தார். தேடிப் பார்த்ததில் அது, பிழை திருத்துகிற ஆல்டர் மேஜைக்கடியில் இருந்தது. செக்கிங்கில் இரண்டு பீஸ் கழிந்ததால் பண்டிலோடு திருப்பிவிட்டு, ஸ்கேனை ரத்து செய்திருக்கிறார்கள். ஆல்டர் முடிந்து மறுபடி ஸ்கேன் ஆனது. அந்த டஜன்களுக்கான பணம் அடுத்த சனிக்கிழமை சேர்ந்து வந்தது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து, ஆல்டருக்குப் போகிற பண்டிலுக்குத் தனியாக ஒரு வரி சீட்டில் அடிக்கும்படி புரோகிராமை மாற்றினேன்.